தாத்தா பிறந்த கலிடோனியா தோட்டம்: நிபோங் திபால் ஊரே அந்தத் தோட்டத்திலிருந்து வந்ததா?

கேள்வி: ஷா ஆலம் பேத்தி

வணக்கம். மலேசியாவில் நிபோங் திபால், ஜாவி, பாரிட் புந்தார் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

தாத்தா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்தினோம். அதில் அவருடைய பிறப்புப் பத்திரம் கிடைத்தது. பிறந்த இடம் கலிடோனியா எஸ்டேட், புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று போட்டிருக்கிறது. 1930களில் பிறந்தவர். "நம்ம பூர்வீகம் நிபோங் திபால்" என்று அப்பா சொல்வாரே தவிர, தோட்டத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். சின்ன வயதிலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டார்களாம்.

இணையத்தில் கலிடோனியா என்று தேடினால் தொண்ணூற்றொன்பது கதவு பங்களாவும் பேய்க்கதைகளும்தான் வருகின்றன. எனக்கு அது வேண்டாம். அந்தத் தோட்டம்தான் பிறகு ஊராக மாறியதா? அது ரப்பர் தோட்டம்தானே? நம் ஆட்கள் அங்கே எப்போது வந்தார்கள்? தாத்தாவின் அப்பா பெயர் மட்டும்தான் கையில் இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: திதி செரோங் மணியம்

வணக்கம் தங்கச்சி. நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாரிட் புந்தார். வருவதானால் காரில் வர வேண்டும் என்றில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில் இருக்கிறது, நிபோங் திபாலிலும் நிற்கும், அடுத்து எங்கள் ஊரிலும் நிற்கும். இங்கே கிரியான் ஆறுதான் எல்லைக்கோடு. நிபோங் திபால் பினாங்கு, பாரிட் புந்தார் பேராக், எங்களுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கும் பண்டார் பாரு கெடா. மூன்று மாநிலமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறது. அதனால் பத்திரம் தேடும்போது மூன்று மாநிலத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஒரு கரையில், பிள்ளைப்பேறு இன்னொரு கரையில் என்று இருந்த குடும்பங்கள் நிறைய.

தோட்டத்து வரலாறு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. டீச்சர் யாராவது வந்து சொல்வார்கள்.

பதில்: வாய்க்கால்மேட்டு டீச்சர்

வந்துவிட்டேன் மணியம்.

மா, உங்கள் கேள்வியிலேயே "ரப்பர் தோட்டம்தானே" என்று இருக்கிறது. நம் பிள்ளைகள் எல்லாரும் கதையை அங்கேதான் தொடங்குகிறார்கள். நான் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், பிறகு தோட்டப் பள்ளியிலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் மாணவர்களிடம் வருஷா வருஷம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: நிபோங் திபாலில் பால்மரம் வருவதற்கு அறுபது, எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே தமிழர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் வளர்ந்தது அந்தக் கரும்பால்.

1800இல் கெடா சுல்தான் இந்தக் கரையோர நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லியின் பெயரை அதற்கு வைத்தார்கள், இன்றைக்கு அது செபராங் பிறை. முதலில் பத்து காவான் பக்கம் கரும்பு போட்டவர்கள் தியோசூ சீனர்கள். 1840களில் வெள்ளைக்காரத் துரைமார் பெரிய முதலோடு இறங்கினார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் 1830களில் அடிமை முறை ஒழிந்ததால் சர்க்கரை முதலாளிகளுக்குப் புது நிலமும் புது ஆட்களும் தேவைப்பட்ட நேரம் அது. இங்கே எட்வர்ட் ஹார்ஸ்மன் என்கிற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் தோட்டங்களை வாங்கினார். அவருக்குப் பிறகு அவருடைய மனைவியின் சகோதரர் சர் ஜான் ராம்ஸ்டன் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்கிற ஆலை நகரத்தின் நிலமெல்லாம் அவர்கள் குடும்பச் சொத்து. பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் என்ற பெயரில் நடந்த அந்தத் தோட்டங்களில் ஒன்றுதான் உங்கள் தாத்தாவின் கலிடோனியா.

ஏன் இந்த இடம் என்று கேட்டால், மண்ணைப் பார்த்தால் புரியும். தட்டையான களிமண், கடல் பக்கம், ஆறு பக்கம். கரும்புக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் வேரில் தேங்கி நிற்கக் கூடாது. அதனால் நிலம் முழுக்க வாய்க்கால் வெட்டினார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோப்புக்குள்ளே நடந்து போனால் இன்னமும் பார்க்கலாம், கோடு போட்ட மாதிரி நேராக ஓடும், தண்ணீர் கறுத்துக் கிடக்கும், கரையில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். இயற்கையாக ஓடும் ஓடை அப்படி நேராக ஓடாது. மண்வெட்டியும் கூடையும் வைத்து இடுப்பளவுச் சேற்றில் நின்று மனிதர்கள் தோண்டியது. நான் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கரையில் நிற்க வைத்து, "இது யார் வெட்டியது?" என்று கேட்பேன். "கவர்மெண்ட்" என்பார்கள். அங்கிருந்துதான் என் பாடம் தொடங்கும்.

அந்த மனிதர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். ஒப்பந்தக் கூலி. கப்பல் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறும், சம்பளத்தில் பிடிப்பார்கள். கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது, போனால் அது குற்றம். இன்னொன்றும் கவனியுங்கள். 1867 வரை பினாங்கை ஆண்டது இந்தியாவிலிருந்த ஆங்கில அரசு. அதுவரை தஞ்சாவூர்க்காரர் இங்கே வந்தது காகிதத்தில் ஒரே ஆட்சிக்குள் இடம் மாறியது போலத்தான். அதனால் தொடக்கக் காலத்தில் வந்தவர்களைப் பற்றிய பதிவு மிகக் குறைவு. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோன உயிர்கள் ஏராளம், அவர்களுக்குக் கல்லறைக் கல் கூடக் கிடையாது. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பிறகு 1910ஐ ஒட்டி எல்லாம் மாறியது. அந்த வருஷம் ரப்பர் விலை தாறுமாறாக ஏறியது. சர்க்கரைக்கோ ஐரோப்பாவின் பீட் சர்க்கரையும் ஜாவா சர்க்கரையும் போட்டி. அதே வருஷம் ஒப்பந்தக் கூலி முறையும் மலாயாவில் முடிவுக்கு வந்தது. மூன்றும் சேர்ந்து கொஞ்ச வருஷத்துக்குள் கரும்பைத் துடைத்துப் பால்மரத்தைக் கொண்டுவந்தன. அதற்கப்புறம் தோட்டத்து மேஸ்திரியான கங்காணி போய் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார். அதுவும் 1938இல் நின்றது, சாதாரணக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடுத்துவிட்டது.

இப்போது உங்கள் தாத்தாவுக்கு வருகிறேன். 1930களில் கலிடோனியாவில் பிறந்திருக்கிறார். அப்படியானால் அவருடைய அப்பா கங்காணியோடு வந்தவராக இருக்கலாம். அல்லது கரும்புக் காலத்திலேயே வந்தவர்களின் பிள்ளையாக, இங்கேயே பிறந்தவராக இருக்கலாம். இரண்டும் இரண்டு கதை. கங்காணியோடு வந்தவர் என்றால் தமிழ்நாட்டில் ஊர் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும், கடிதம் போயிருக்கும், மணியார்டர் போயிருக்கும். இங்கேயே பிறந்தவர் என்றால் அந்த நூல் எப்போதோ அறுந்திருக்கும். அப்பாவிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "தாத்தா ஊருக்குப் பணம் அனுப்பினாரா?"

சரி, தோட்டம் எப்படி ஊரானது? சம்பள நாளைச் சொன்னால் போதும். மாசச் சம்பளம் போட்ட அன்றைக்கு எங்கள் அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கையைச் சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்ப்பார், உறைந்த ரப்பர் கட்டிப்பால் வாடை போகாது. பிறகு சேலை மாற்றிக்கொண்டு பெக்கானுக்கு, அதாவது டவுனுக்குப் புறப்படுவோம். மளிகைக்கடைச் சீனத் தாத்தா கடன் கணக்கு எழுதும் சின்ன 555 புத்தகத்தைப் புரட்டி, அரிசி இவ்வளவு, கருவாடு இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு என்று விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் படிப்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரியும் மனப்பாடம், ஐந்து காசு தப்பினாலும் நிறுத்திவிடுவார். அந்தப் புத்தகத்தைத் தீர்த்த பிறகு அடகுக்கடை, அப்புறம் ஜவுளிக்கடை, மிஞ்சினால் எனக்கு ஒரு ரொட்டி. சுற்றியிருந்த பைராம், சங்காட், வால்டோர், டிரான்ஸ்கிரியான், ஜாவி என்று எல்லாத் தோட்டத்துப் பணமும் இப்படித்தான் அந்தக் கடைவீதிக்கு வந்து சேர்ந்தது. நிபோங் திபால் கடைவீதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கடை வைத்தவர்களின் பெயரை எழுதுகிறார்கள். வாங்கியவர்களின் பெயரையும் எழுத வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

பதில்: படகுத்துறை அன்பு

டீச்சர் சொன்னதில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கத் தோட்டத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆறு இருக்கிறதே. மீன்பிடிக்கிற தியோசூ குடும்பங்கள், ஆற்றோரத்து மலாய்க் கம்போங்குகள், அக்கரையில் பேராக் பக்கத்து நெல் வயல், இதெல்லாமும் சேர்ந்துதான் ஊர். புக்கிட் மேரா அணையைக் கட்டி 1906இல் கிரியான் நீர்ப்பாசனத்தை முடித்த பிறகு அக்கரை நெல் எவ்வளவு விளைந்தது! எங்கள் குடும்பமே தோட்டத்துக் குடும்பம் இல்லை, படகுத்துறையில் மூட்டை தூக்கிய குடும்பம்.

பதில்: வாய்க்கால்மேட்டு டீச்சர்

அன்பு, நீங்கள் சொல்வது நியாயம். ஆறு இல்லாவிட்டால் துரைமார் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள். சாலையும் ரயிலும் வருவதற்கு முன்னால் தண்ணீர்தான் பாதை. உங்கள் தாத்தா தூக்கிய மூட்டையில் என்ன இருந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைக்கும் அது உதவும்.

ஷா ஆலம் பேத்தி

டீச்சர், உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 555 புத்தகம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டி அதை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாராம். இதுவரை கேட்காத கதை.

அப்பா சொன்ன இன்னொரு விஷயம்: 1969க்கு அப்புறம் தாத்தாவின் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார், "சிவப்பு ஐசி பிரச்சனை" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அது என்ன? அந்த பங்களாவைப் பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள், பேய்க்கதை வேண்டாம்.

பதில்: வாய்க்கால்மேட்டு டீச்சர்

அரிசிப் பானைக்குள்! எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால்.

சிவப்பு ஐசி என்றால் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம். 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது தோட்டத்தில் இருந்த நிறையப் பேர் மனுப் போடவே இல்லை. படிவம் நிரப்பத் தெரியாது, சாட்சிக்கு ஆள் இல்லை, பிறப்புப் பத்திரம் கிடையாது, "நாம எங்க போகப் போறோம்" என்ற நினைப்பு வேறு. 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேலை பெர்மிட் கட்டாயம் என்ற சட்டம் இறுகியது. பல வருஷம் பால் வெட்டிய மனிதர்களுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. பல்லாயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரஜூலா கப்பலில் ஏறினார்கள். ஒரே குடும்பத்தில் தம்பிக்கு நீலம், அண்ணனுக்குச் சிவப்பு. என் அத்தையும் அப்படித்தான் போனார். உங்கள் அப்பா பேசாமல் இருப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் மா. கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் கேட்பதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெரியப்பா தாத்தாவின் பிள்ளைகள் தமிழ்நாட்டில் எங்கேயோ இருப்பார்கள். திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் சொந்தக் கிராமத்துக்குத்தான் முதலில் போனார்கள். அவர்களிடம்தான் ஊர்ப் பெயர் பத்திரமாக இருக்கும்.

பங்களா: துரை குடும்பத்தின் பேரன் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் 1948இல் அந்த வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவித்தார்கள். அது 1960 வரை நீடித்தது. பிறகு வீடு கைமாறி, பாழாகி, பேய் வீடு என்று பெயர் வாங்கியது. நான் பேயைப் பற்றிப் பேசமாட்டேன். அந்த வீட்டைச் சுற்றி உழைத்தவர்களைப் பற்றிக் கேட்க வருகிறவர்களைவிட, இரவில் டார்ச் லைட்டோடு அந்தச் சுவரைப் படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். நீங்கள் வந்தால் பகலில், அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

தோட்டம் பிறகு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அதற்கு ஆள் குறைவாகப் போதும். நிலத்தை விற்கும்போது லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வரும். எங்களுக்கும் வந்தது. வீடும் வேலையும் ஒரே நாளில் போனது, கோயிலுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். எல்லாரும் ஊருக்குள் மலிவு வீட்டுக்கும் தாமான் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்தோம். அமைச்சர் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டம் வாங்க வழி செய்ததே, அந்த மாதிரி எங்கள் பக்கமும் நடந்திருக்கக் கூடாதா என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். டிரான்ஸ்கிரியான் பெயரைக் கேட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம்தான் ஞாபகம் வரும், அது 2001இல் வந்தது. பத்து காவானில் 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைகள் வரிசையாக வந்துவிட்டன. முதல் கரும்பு போட்ட மண் அது.

தேடுவதற்கு: பிறப்புப் பத்திரத்தை மறுபடி முழுதாகப் படியுங்கள், தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பால்வெட்டு, களை வெட்டு, தண்டல் என்று எது இருந்தாலும் அது ஒரு வழி. அப்புறம் சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. கலிடோனியா எஸ்டேட் என்று ஆங்கிலத்தில் தேடினால் வழக்கு, காய்ச்சல், சர்க்கரை ஏற்றுமதி என்று வந்துகொண்டே இருக்கும். துரைமார் பெயர் இருக்கும், நம்மவர் பெயர் வழக்கு வந்தால்தான் இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பதில்: ஜாவி சரசு

பள்ளியை விட்டுவிட்டீர்களே டீச்சர்! தங்கச்சி, எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயரைப் பாருங்கள்: பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, வால்டோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சங்காட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டத்து ஆட்கள் வெளியேறினாலும் பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது. தாத்தா எந்தப் பள்ளியில் படித்தார் என்று முதலில் உறுதி செய்யுங்கள். பள்ளி இடம் மாறியிருந்தாலும் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் சில இடங்களில் கூடவே போயிருக்கின்றன. அதில் பிள்ளை பெயர், தகப்பன் பெயர், எந்த லயம் என்பதுவரை எழுதியிருப்பார்கள். தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு வாருங்கள், பள்ளி விடுமுறையில் வராதீர்கள்.

இன்னொன்று, ஊருக்குள் இருக்கும் மாரியம்மன் கோயில்களில் சிலது தோட்டத்திலிருந்து எடுத்து வந்தவை. திருவிழா உபயக்காரர் பட்டியலைப் பழைய நோட்டுகளில் வைத்திருப்பார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது, பெயருக்கு நேரே "இரண்டு வெள்ளி, ஒரு சேவல்" என்று எழுதியிருந்தது.

ஷா ஆலம் பேத்தி

எல்லாருக்கும் நன்றி. பத்திரத்தை மறுபடி பார்த்தேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் "மண்டோர்" என்று இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியவில்லை.

பதில்: வாய்க்கால்மேட்டு டீச்சர்

மண்டோர் என்றால் தண்டல், வேலைக் கூட்டத்தை மேய்க்கிறவர். புதிதாக வந்தவரை அவ்வளவு சீக்கிரம் தண்டலாகப் போட மாட்டார்கள் மா. அப்படியானால் தாத்தா பிறப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே அவருடைய அப்பா இங்கே வந்திருக்க வேண்டும், அல்லது இங்கேயே பிறந்திருக்க வேண்டும். கரும்புக் காலத்துக் குடும்பமாக இருக்க வாய்ப்பு உண்டு. நாளிதழ்களில் கரும்புக் காலத்தையும், 1910க்கு முன்னாலும் தேடுங்கள். தண்டல் பெயர்கள் தோட்டக் கணக்குகளில் கூலிக்காரர் பெயரைவிட அதிகமாக வரும். பினாங்கில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது, போகும்போது பத்திரத்தின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் தேதியைச் சொன்னால் நானும் வருகிறேன், பழைய ஆங்கிலக் கையெழுத்தை என்னால் படிக்க முடியும்.